எதைத் தள்ளச் சொன்னாய்?

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீ சிறைக்குப் போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. இந்த இருபத்து மூன்று நாளும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் செல்போன்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். நேற்று ஒருவருடைய போனில் திருகாணியை மாற்றிப் போட்டுத் திரையை உடைத்துவிட்டேன். அந்தப் பாவமும் உன்னைத்தான் சேரும்.

நாலு வருடத்தில் பதினான்கு மனு எழுதினேன். குடியிருப்பு வாசலில் ஐந்து படி, அதன் பக்கத்தில் ஒரு சாய்தளம். கேட்டது அவ்வளவுதான். யாரும் செய்யவில்லை என்று நீயே ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் கட்டினாய். ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லாமல் போச்சு என்று சங்கச் செயலாளர் இரண்டு ஆட்களை வைத்துச் சம்மட்டியால் உடைத்தார். நான் சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் பார்த்தேன். அப்போதும் உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எழுத்துல போவோம்டா" என்றுதான் சொன்னேன்.

பதினான்காவது மனுவுக்கு வார்டு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். 'மாற்றுத்திறனாளிகள் குறைதீர்ப்பு' என்று பலகை எழுதி அதைப் பதினோரு படிக்கு மேலே மாட்டிய புண்ணியவான் யாரோ தெரியவில்லை. நீ என்னைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினாய். அதிகாரி "பார்க்கலாம்" என்றார். நாலு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் "முடியாது" என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க உன்னால் முடியவில்லை.

விசாரணைக்குச் செயலாளரையும் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பும்போது மேல்படியில் அவர் வந்து உன் கையிலிருந்து என் வண்டியைப் பிடுங்கினார். நான் "தள்ளுடா" என்று கத்தினேன். சக்கர நாற்காலியின் கைப்பிடி உனக்கு எட்டாத வயதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வருகிறாய். நம் வீட்டில் தள்ளு என்றால் வண்டியைத் தள்ளு. நீ மனிதனைத் தள்ளினாய். பதினோரு படியும் உருண்டார். அதோடு விட்டாயா? வண்டியில் நான் கால் வைக்கும் இரும்புத் தகட்டை உருவிக்கொண்டு இறங்கிப் போய் மூன்று அடி. இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டதாம். முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டதாம்.

இன்ஸ்பெக்டரிடமும் இதையேதான் சொன்னேன். வண்டியைத்தான் தள்ளச் சொன்னேன், இவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அந்தத் தகடு இப்போது போலீஸ்காரர்களிடம் சாட்சிப் பொருளாக இருக்கிறது. என் வலது கால் அந்தரத்தில் தொங்குகிறது. சோப்பும் துண்டும் வக்கீலிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

சோப்பு வந்தது. துண்டு வரவில்லை. அதில் நான் தூக்கு மாட்டிக்கொள்வேனாம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்கே ஒரு ஐயா படிப்பார். ஐயா, வணக்கம்.

நீ எழுதியது சரிதான். தப்பாகக் கேட்டிருக்கிறேன். உன் குரல் வந்தால் என் கை தானாகப் போகும், என்னைக் கேட்காது. அன்றைக்கும் போனது. போன திசை தப்பாகிவிட்டது. ஒரு கையால் உன் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கீழே இறங்கியது நினைவில்லை. சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. காய்ந்த செங்கல்லை உடைத்தால் ஒரு சத்தம், ஈரச் செங்கல்லை உடைத்தால் வேறு சத்தம். அது ஈரச் சத்தம்.

என் அறையில் ஒன்பது பேர். அதில் ஒருவர் லாரி ஓட்டியவர். ஒரு கால் தொடையோடு போய்விட்டது. எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். ஊன்றுகோல் ஆயுதமாம், சிறை வாசலிலேயே பிடுங்கிவிட்டார்கள். கழிப்பறைக்கு நாலு படி இறங்க வேண்டும். உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு போவார். கொலை வழக்கில் வந்த வெல்டர் ஒருவன், அவர் படிக்குப் போகிற நேரம் பார்த்து முதுகில் ஒரு உதை விடுவான். உருண்டு விழுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் நான் சிரிக்காமல் எழுந்து போனேன். எனக்கு முன்பல் இரண்டு போயிற்று. அவனுக்குத் தாடை போயிற்று. அப்புறம் எட்டு நாள் என்னைத் தனி அறையில் போட்டார்கள்.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதற்கே ஒரு ஆளின் இடுப்பை உடைக்கிறவன் நான். நீ கோபத்தில் என்னை மிருகம் என்று சொன்னபோதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருத்தன் வெளியில் நடமாடுவதைவிட உள்ளே கிடப்பதே நல்லது.

வலது காலுக்கு ஒரு பலகைத் துண்டை வைத்துக் கட்டிக்கொள். தொங்க விடாதே, வீங்கிவிடும்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

சாய்தளம் வந்துவிட்டது.

செயலாளரை மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வாசல் படியில் நாலு பேர் தூக்கினார்கள். ஒருவன் கை நழுவி, வண்டி இரண்டாம் படியில் இடித்தது. அவர் போட்ட அலறலில் பக்கத்துக் கட்டடத்துச் சன்னல்களெல்லாம் திறந்தன. மறுநாள் சங்கக் கூட்டம். அதிலிருந்து ஒன்பதாம் நாள் சாய்தளம். எனக்கு நாலு வருடம், அவருக்கு ஒன்பது நாள்.

நான் சந்தோஷமாக இருப்பேன் என்று நினைத்தால் நீ முட்டாள். வயிறு எரிகிறது. பதினான்கு மனு ஒரு பக்கம், ஒரு இடுப்பெலும்பு மறுபக்கம். எதற்கு வேகம் அதிகம் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் வந்து, "உங்க தம்பியை இந்த லிஃப்ட் விஷயமாவும் கொஞ்சம் அனுப்பி வைங்களேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். நான் கையில் இருந்த திருப்புளியை அவர் பக்கம் நீட்டியதும் போய்விட்டார்.

கட்டியதாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஸ்கூட்டர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று பன்னிரண்டே அடியில் முடித்துவிட்டார்கள். முந்தாநாள் செயலாளரின் மனைவி அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினார். பாதியில் அந்தம்மாவுக்குக் கை தாளவில்லை. வண்டி பின்னோக்கி வந்து தூணில் மோதியது. மண்டை பிளந்து ஏழு தையல். நான் ஏறுவதற்காகக் கீழே காத்திருந்தேன். என் மேல் வந்திருக்க வேண்டியது, இரண்டடி விலகிப் போனது. ரத்தம் என் மடியில் தெறித்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இதை உடைத்துவிட்டு ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்று அந்தம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். "உங்க தம்பி கட்டினதுக்கு என்ன அளவு வச்சாருன்னு கேட்டு எழுதுங்க" என்றார். உன் கையால் புருஷனைப் பறிகொடுக்க இருந்தவர் கேட்கிறார். மொத்த உயரம் முப்பது அங்குலம். எழுது.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

ஒன்பது நாளா! மன்னித்துவிடு, சிரித்துவிட்டேன். இரண்டு பல் இல்லாமல் சிரித்தால் சத்தத்துக்குப் பதில் காற்றுதான் வருகிறது. நீ தாளும் பேனாவுமாக நாலு வருடம் அழுதாய். நான் மூன்று அடியில் முடித்தேன். இதைச் சொன்னால் நீ கடிதத்தைக் கிழித்துப் போடுவாய் என்று தெரியும். அளவு இந்தத் தாளிலேயே கீழே இருக்கிறது, அதனால் கிழிக்க மாட்டாய்.

ஒரு அடி ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி ஓட வேண்டும். உன் வாசலுக்கு முப்பது அடி. நேராக விட்டால் கேட்டைத் தாண்டிவிடும். அதனால் பதினைந்து அடி ஏறி, ஐந்துக்கு ஐந்து சமதளம் விட்டு, அங்கே திருப்பி மறுபடி பதினைந்து. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி ஒரு சாண் உயரத்துக்குத் திட்டு. மேலே வழவழப்பாகப் பூச விடாதே. ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல். நாலு ஸ்கூட்டர் வெளியே போகும், போகட்டும்.

இந்தக் கடிதம் வக்கீல் கையில் வருகிறது. ஐயா படிக்க மாட்டார், அதனால் எழுதுகிறேன். டிரைவருக்கு ஊன்றுகோல் கேட்டு, உன் மனுவில் வருகிற 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' எல்லாம் போட்டு நானும் ஒரு மனு எழுதினேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்கேடா" என்றார். பிறகு என் உள்ளங்காலில் லத்தியால் அடிக்கச் சொன்னார். ஐந்து நாள் நானும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போனேன். பதினெட்டு வருடம் கொத்தனாராக எத்தனையோ படி கட்டியிருக்கிறேன். நாலு படி எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் தெரிந்தது.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

கிழிக்கத்தான் போனேன். அளவு இருந்ததால் பிழைத்தது.

பழைய சாய்தளத்தை உடைத்தார்கள். உன்னுடையதை உடைத்த அதே இரண்டு ஆட்கள், அதே சம்மட்டி. இந்தத் தடவை செயலாளர் தன் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் சன்னலில். புதியது முந்தாநாள் முடிந்தது. துடைப்பக் கோடு வரைக்கும் நீ சொன்னபடியே இருக்கிறது. யாரும் தொடாமல் தெருவுக்குப் போய் வந்தேன். போய் வேலை ஒன்றும் இல்லை. சும்மா போனேன், சும்மா வந்தேன்.

இனி வழக்கு. நீதிமன்ற அறை இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடவில்லை. உன் வக்கீலுக்கு அதில் ஒரே குஷி. "நாலு போலீஸ் உங்களைத் தூக்கிட்டு வந்து இறக்கினா ஜட்ஜ் மனசு இளகிடும்மா" என்றார். இனி எந்தப் படியிலும் என்னைச் சாமான் மாதிரி யாரும் தூக்கக் கூடாது என்று சூடாக இருந்த ஈயப் பற்றவைப்புக் கோலை மேசையில் அடித்துச் சொன்னேன். அவர் மனு போட்டார். ஆகஸ்ட் 9 அன்று நீதிமன்றம் நியமித்த ஒரு வக்கீலம்மா வீட்டுக்கே வந்து என் சாட்சியத்தை எழுதிக்கொள்வார்.

போலீஸ் எழுதியிருப்பது இதுதான்: செயலாளர் சும்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நீ வேண்டுமென்றே தள்ளினாய், பிறகு அடித்தாய். அப்படியே நிலைத்தால் ஏழு வருடம் வரை போகும் என்கிறார் உன் வக்கீல். நான் சொன்னதையே சொல்வேன். வண்டியைத் தள்ளச் சொன்னேன், நீ தப்பாகக் கேட்டாய் என்று. நீதிபதி இரங்கினால் குறையும்.

அக்கா


ஜூலை 27

அக்காவுக்கு,

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இதுவும் வக்கீல் கையில்தான் வருகிறது.

என்னிடம் தாடை உடைபட்ட வெல்டர், சிறைப் பட்டறையில் ஒரு பலகைக்கு அடியில் நாலு பேரிங் வைத்து டிரைவருக்கு ஒரு தள்ளுவண்டி செய்துகொடுத்தான். ஏன் செய்தான் என்று நான் கேட்கவில்லை. அவனால் இன்னும் வாயைத் திறக்கவும் முடியாது. அதில் டிரைவரை உட்கார வைத்து நான் தள்ளிக்கொண்டு போவேன். நேற்றுப் பேச்சு சுவாரசியத்தில் கழிப்பறைப் படி வந்ததை நான் கவனிக்கவில்லை. முன் பேரிங் இரண்டும் விளிம்பைத் தாண்டிவிட்டன. அவர் அலறினார். "டேய், தள்ளிராதடா! விளிம்புல இருக்கேன்டா!"

அங்கேயே நின்றுவிட்டேன் அக்கா. பின்னால் வந்தவன் என் பிடரியில் ஒன்று போட்டான். அப்போதும் நகரவில்லை.

அன்றைக்கு உன் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது? நான் எப்போதும் உன்னைத் திருப்பி, முதுகுப் பக்கமாகத்தான் படியில் இறக்குவேன். அன்றைக்குத் திருப்புவதற்கு முன்பே அவர் பிடுங்கிவிட்டார். உன் முகம் படியைப் பார்த்து இருந்தது. "இப்படியே உருட்டி விட்டுடட்டுமா? ஒரேயடியா கீழ போய்ச் சேர்ந்துடுவ" என்று சொல்லி அவர் படி விளிம்பில் பக்கவாட்டில் நின்று வண்டியைக் குலுக்கினார். முன் சக்கரம் இரண்டும் வெளியே தொங்கின. அதனால்தான் நான் ஒரு கையால் வண்டியைப் பிடித்தேன். அப்போதுதான் நீ கத்தினாய்.

நான் வண்டியைத் தள்ளியிருந்தால் நீ செத்திருப்பாய். அப்படியானால் நீ எதைத் தள்ளச் சொன்னாய்? அவர் குலுக்கியதை இன்ஸ்பெக்டரிடம் ஏன் சொல்லவில்லை?

தம்பி


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

ஒன்பது நாளாகப் பதில் இல்லை. திட்டியாவது எழுதுவாய்.

டிரைவர் செத்துவிட்டார். சோதனை போட வந்தவர்கள் அந்தப் பலகை வண்டியையும் ஆயுதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவர் தானாகவே தேய்த்துக்கொண்டு போயிருக்கிறார். மேல்படியில் தண்ணீர் கிடந்தது. பின்மண்டை நாலாவது படியில் அடித்திருக்கிறது. நான் வந்து மடியில் எடுத்து வைத்தபோது கண் திறந்துதான் இருந்தது, ஆள் இல்லை. படியை வெல்டர்தான் கழுவினான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கப் போகிறேன். உன் சாட்சியத்துக்கு மறுநாள், பத்தாம் தேதி. ஏழு வருடம் எனக்குப் பெரிதில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் அந்த ஏழு வருடத்தை என்னால் கழிக்க முடியாது. நீண்ட கடிதம் வேண்டாம். ஒரே ஒரு சொல் எழுது. வண்டியா, ஆளா?

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

ஆள்.

உன் காதில் ஒரு கோளாறும் இல்லை. சரியாகத்தான் கேட்டாய். நாளைக்கு எதையும் எழுதிக் கொடுக்காதே. உன் வக்கீல் வாசலில் காத்திருக்கிறார், விடிந்ததும் இது உன் கையில் இருக்கும்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். வண்டி விளிம்பில் தொங்கியதைச் சொன்னால், நான் எதைத் தள்ளச் சொன்னேன் என்பது இன்ஸ்பெக்டருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். பதினான்கு மனு எழுதிய பெண் பாவம், அப்பாவி, அவள் தம்பிதான் முரடன் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த அதிகாரி சொன்ன "பார்க்கலாம்" என்ற ஒரு சொல் கெட்டுப்போகக் கூடாது. அதற்காக உன்னைக் காட்டிக்கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் உன்னையே திட்டினேன். நீ என்னை நம்பி, உன்னை மிருகம் என்று எழுதியதைப் படித்த அன்றும் நான் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் அந்த வக்கீலம்மா வந்தார். அரசு வக்கீல் வந்தார், உன் வக்கீல் வந்தார். செயலாளரையும் அவர் மனைவி தள்ளிக்கொண்டு வந்து கதவோரம் நிறுத்தினார். நான் சொன்னேன். வண்டி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, அவர் என்ன சொன்னார், எப்படிக் குலுக்கினார், நான் யாரைத் தள்ளச் சொன்னேன், எல்லாம் சொன்னேன். செயலாளருக்குப் பொறுக்கவில்லை. "சும்மா பயமுறுத்தத்தானேங்க ஆட்டினேன்!" என்றார். அரசு வக்கீல் அவர் தோளைப் பிடித்து அழுத்துவதற்குள் வாய் முந்திக்கொண்டது. உன் வக்கீல் அதையும் எழுதச் சொன்னார்.

பிறகு உன் வக்கீல் எனக்குக் கண்ணைக் காட்டினார். போதும், இதோடு நிறுத்திக்கொள் என்று. நீ தள்ளியது என் உயிரைக் காப்பாற்ற என்று ஆகிவிட்டது, இனி அந்த மூன்று அடி மட்டும்தான் மிச்சம், அதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ. நான் நிறுத்தவில்லை. விலகட்டும் என்று கத்தவில்லை, விழட்டும் என்றுதான் கத்தினேன் என்று சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். என்னை இரண்டாவது குற்றவாளியாகச் சேர்ப்பார்கள் என்கிறார். சேர்க்கட்டும்.

அரசு வக்கீல் எழுந்தார். "அவர் இறங்கிப் போய் அடிச்சப்ப நீங்க கூப்பிட்டிருந்தா நின்னிருப்பாரா?" என்று கேட்டார்.

நம் வீட்டில் இன்னொரு சொல்லும் உண்டல்லவா. நில்லு. ரயில்வே கேட்டில், லாரிக்கு முன்னால், மூடியில்லாத சாக்கடையின் ஓரத்தில். முப்பது வருடத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு நீ ஒரு எட்டுக்கூட எடுத்து வைத்ததில்லை.

"நின்னிருப்பான். முதல் அடியோடயே" என்றேன்.

"அப்புறம் ஏன் கூப்பிடலை?"

செயலாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நீ என் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்கினாய், நான் மேலே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. முதல் அடியில் அவர் கத்தினார். இரண்டாவது அடியில் கத்தவில்லை, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நீ சொல்லு என்பது போல நீட்டினார். மூன்றாவதற்கு உன் கை உயர்ந்தது. என் வாயில் சொல் இருந்தது.

"எனக்கு அப்ப இன்னும் போதலைங்க" என்றேன்.

வக்கீலம்மா எழுதிக்கொண்டு, அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார். சரிதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்கா